மலை யார் கைக்குப் போனது?

போடிநாயக்கனூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



தேவிகுளம், பீர்மேடு என்றாலே நம் பக்கத்து மேடைகளுக்கு ஒரு வாடிக்கையான பேச்சு உண்டு. 1956-ல் மலையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பார்கள். ‘குளமாவது மேடாவது’ என்று காமராசர் சொன்னதாக உலவும் ஒற்றை வரியைச் சொல்வார்கள். கைதட்டல் வரும், கூட்டம் கலையும். எழுபது வருடமாக இதையே பேசிப் பேசி, பக்கத்திலேயே கிடந்த இன்னொரு கேள்வியை நாம் கேட்காமல் விட்டுவிட்டோம். மலை எந்த மாநிலத்துக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஆட்களுடைய கைக்குப் போனது? இரண்டாம் உலகப் போர் முடிந்து கால் நூற்றாண்டுக்குள் இந்த எல்லைப் பகுதியில் பழைய பணக்காரர்கள் சிலர் கீழே இறங்கினார்கள், புதிய பணக்காரர்கள் மேலே வந்தார்கள். அதே காலத்தில் மலையில் சங்கம் வந்தது, மொழிப் போராட்டம் வந்தது, குடியேறியவர்களின் போராட்டமும் வந்தது. எந்தப் போராட்டம் யாரை மேலே ஏற்றியது? இன்றைக்கு என் பேச்சு இதைப் பற்றித்தான்.

போருக்கு முன்பு மலை எப்படி இருந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். மூணாறு ஒரு கம்பெனியின் ராஜ்யம். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். சுமார் 1,37,000 ஏக்கர். 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி வந்தது, அதற்குப் பின்னால் ஸ்காட்லாந்தின் ஃபின்லே நிறுவனம் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு ரயில் இருந்தது, 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோனது. டாப் ஸ்டேஷனிலிருந்து நம் போடிப் பக்கம் இறங்கும் கயிற்றுப் பாதை இருந்தது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துப்போன ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்களுக்கு லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் அறை, காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மாலையில் கொழுந்து எடை. கங்காணிக்குத் தலைக்காசு. கடன் தீராதவரை ஊர் திரும்ப முடியாது.

தெற்கே ஏலமலையின் கதை வேறு. உடும்பன்சோலை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி போடி, கம்பம் பள்ளத்தாக்கு ஆட்களிடம் இருந்தது. மேலே தோட்டம், கீழே கிட்டங்கி, நடுவே சுமைதூக்கிகளும் கழுதைகளும். மலை திருவிதாங்கூர் ராஜாவுடையது, காய் போடி வியாபாரியுடையது. சமவெளியில் உட்கார்ந்துகொண்டு மலையைத் தின்ற வர்க்கம் நம்முடைய ஊரிலேயே இருந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. ரங்கூனுக்கும் உடும்பன்சோலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அரிசிதான் சம்பந்தம். திருவிதாங்கூர் தன் தேவையில் பாதி அரிசியைக்கூட விளைவிக்காத சமஸ்தானம். தென்னையும் மிளகும் ரப்பரும் தேயிலையும் விற்று, பர்மா அரிசி வாங்கிச் சாப்பிட்டது. கப்பல் நின்றதும் அடுப்பு அணைந்தது. ரேஷன் வந்தது, சோற்றின் இடத்தை மரவள்ளிக்கிழங்கு பிடித்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசு, அதுவரை காப்புக்காடு என்று பூட்டி வைத்திருந்த சரிவுகளையும் சதுப்புப் பள்ளங்களையும் உணவுப் பயிருக்காகக் குத்தகைப்பாட்டத்துக்குத் திறந்துவிட்டது. மத்திய திருவிதாங்கூரிலிருந்து, பாலா, தொடுபுழைப் பக்கங்களிலிருந்து, சிறு குடியானவர்கள் மலையேறினார்கள். பெரும்பாலோர் சிரியன் கிறித்தவர்கள். குடும்பம் பெருத்து நிலம் துண்டுபட்டுப் போனவர்கள். யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டிக் குடியிருந்தார்கள், மலேரியாவில் பிள்ளைகளைப் புதைத்தார்கள். இவர்களை வெறும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அது நியாயமில்லை. அரசே கூப்பிட்டது, பசி தள்ளியது, வந்தார்கள். ஆனால் அந்தக் காட்டில் அவர்களுக்கு முன்பே மன்னான், முதுவான் பழங்குடிகள் இருந்தார்கள் என்பதும் உண்மை. அவர்களைக் கேட்டு யாரும் குத்தகை எழுதவில்லை.

போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் திருவிதாங்கூர் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்ட விதத்தையும் இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். 1940-ல் மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, அதுவே கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். 1943-ல் ஆலுவாய்க்குப் பக்கத்தில் ஃபாக்ட் என்ற உரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. உணவுப் பஞ்சம் அதற்கு ஒரு காரணம். தொடங்கியவர்கள் திருச்சி வட்டாரத்தில் மின்சாரத் தொழிலில் பெயர் பெற்ற சேஷசாயி சகோதரர்கள், திவானின் ஆதரவில் வந்தவர்கள். 1947-ல் உற்பத்தி தொடங்கியது. ஆரம்பத்தில் அந்த ஆலை வாயு தயாரிக்க எரித்தது விறகை. மலையின் தண்ணீர் மின்சாரமானது, மலையின் காடு உரமானது, அந்த உரம் சமவெளி வயலுக்குப் போனது. மலையில் குடியிருந்தவர்கள் கணக்கில் இதில் என்ன வரவு என்று கேட்டால் பதில் கிடையாது.

தோட்டத்துக்குள் வருவோம். போர் முடிகிற சமயத்தில்தான் சங்கம் உள்ளே நுழைந்தது. அதற்கு முன் தொழிலாளியைப் பார்க்க வெளியாள் வருவதற்கே துரையின் அனுமதி வேண்டும். பாலக்காட்டுப் பரம்பிக்குளத்தை ஒட்டிய ஆனைமலைத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பது, அங்கே மருத்துவராக இருந்து தொழிற்சங்கம் கட்டிய பி.எச். டேனியல் எழுதிய நாவலால் நமக்குத் தெரியும். ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ படம் அதிலிருந்து பிறந்தது. மூணாறிலும் பீர்மேட்டிலும் ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி. சங்கங்கள் போட்டி போட்டு வளர்ந்தன. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவமனை, பிள்ளைக் கொட்டகை எல்லாம் முதலாளியின் கடமை ஆயின. அந்தப் பத்தாண்டில் கங்காணி முறை ஒழிந்தது. இது சின்ன வெற்றி இல்லை. கடன் சீட்டோடு பிறந்த ஒருவன் பேரேட்டில் தன் பெயரில் சம்பளம் வாங்கினான்.

அந்தச் சட்டத்திலேயே ஒரு கண்ணியும் இருந்தது. வீடு முதலாளியின் கடமை என்றால், வீடு முதலாளியுடையது. வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்ற மறுநாள் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒன்று அதே தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் கிடந்ததற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை.

இதே நேரத்தில் மொழிப் போராட்டமும் வளர்ந்தது. நாகர்கோவிலில் தொடங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணியின் தலைமையில் தமிழ் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1954 தேர்தலில் அந்தத் தொகுதிகளில் அந்தக் கட்சியே ஜெயித்தது. தேர்தலுக்குப் பிறகு பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி அமைந்தது. மலையில் தமிழ்த் தொழிலாளர்கள்மீது அடக்குமுறை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் நேசமணி தடையை மீறி மூணாறு போய்க் கைதானார். ஆகஸ்ட் 11-ல் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்கள் இறந்தார்கள். சொந்தக் கட்சி ஆட்சியே சுட்டதால் அது பதவி விலக வேண்டும் என்றார் பிரஜா சோஷலிஸ்ட் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியா. விலகவில்லை, கட்சிதான் பிறகு உடைந்தது.

மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்று மூவர். தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு என்றார்கள். தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரும்பான்மை பிழைக்க வந்த தோட்டக் கூலிகளால் ஆனது என்றார்கள், மலை மேற்கே இருக்கும் மாநிலத்தின் பொருளாதாரத்துக்குத் தேவை என்றார்கள். இந்த வாதத்தின் சாயலை அதற்கு ஏழு வருடம் முன்பே கடல் கடந்து நாம் பார்த்திருக்கிறோம். 1948-ல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோதும், தோட்டத்துக்கு வந்தவன் மண்ணுக்கு உரியவன் ஆவானா என்ற கேள்விதான் அடியில் ஓடியது. கொடுமையில் இரண்டும் ஒன்றில்லை. இங்கே ஓட்டைப் பறிக்கவில்லை, அதன் எடையை மட்டும் குறைத்தார்கள். ஆனால் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவனை வழிப்போக்கன் என்று எண்ணும் மனசு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் மொழிப் போராட்டத்தின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அது தாலுகா கேட்டது. தாலுகாவுக்குள் லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு எத்தனை சென்ட் என்று கேட்கவில்லை. மலை தமிழ்நாட்டுக்கு வந்திருந்தாலும் ஃபின்லே கம்பெனி ஃபின்லே கம்பெனியாகவே இருந்திருக்கும். வால்பாறை தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அங்கே லயத்துக்குப் பட்டா கிடைத்ததா என்று யாராவது விசாரித்துப் பார்க்கலாம்.

பட்டம் தாணுப்பிள்ளைக்கு அந்தக் கணக்கு புரிந்திருந்தது. தாலுகா யாருடையது என்பதை நிலத்தில் குடியிருப்பவன் தீர்மானிப்பான் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய ஆட்சியில்தான் உயர்மலைக் குடியேற்றத் திட்டம் வந்தது. நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் கல்லாறு, வடக்கே மறையூர், காந்தளூர் என்று காட்டை அளந்து குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். பட்டம் காலனி என்று அவர் பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. உணவு உற்பத்தி என்பது சொன்ன காரணம். தமிழர் பெரும்பான்மையைக் கரைப்பது சொல்லாத காரணம் என்று அன்றே பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. 1961-ல் இடுக்கி அணைக்காக ஐயப்பன்கோவில் பகுதியிலிருந்து குடியேறிய விவசாயிகளை அரசு கூண்டோடு வெளியேற்றி, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொண்டுவந்து கொட்டியது. மழைக்காலம். அப்போது முதலமைச்சர் யார்? அதே பட்டம் தாணுப்பிள்ளை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அமராவதிக்கு வந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவருக்குத் துணையாக நின்றவர் வடக்கன் பாதிரியார். இரண்டு வருடம் முன்புதான் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த விமோசன சமரத்தில் முன்னணியில் நின்றவர் அவர். நிலம் என்று வந்தபோது பாதிரியாரும் கம்யூனிஸ்டும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். குடியேறியவர்களின் போராட்டத்துக்கு அவ்வளவு பலம் இருந்தது. ஆட்சி எதுவானாலும் அவர்களைத் தொட முடியாது என்ற நிலை அங்கிருந்து தொடங்கியது. 1964-ல் கோட்டயத்தில் கேரளா காங்கிரஸ் பிறந்தது, குடியேறிய விவசாயிக்கும் ரப்பர் தோட்டக்காரருக்கும் ஒரு கட்சி கிடைத்தது. 1977 ஜனவரி 1-க்கு முன் காட்டில் குடியேறியவர்களுக்குப் பட்டா என்ற கொள்கைக்கு 1993-ல் தனி விதிகளே வந்தன. ஏறுமாடத்தில் தொடங்கியவரின் பேரன் இன்று ஏலக்காய் ஸ்டோர் வைத்திருக்கிறார், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறார், கட்டப்பனையில் கடை வாடகை வருகிறது. எல்லோரும் இல்லை. 5 ஏக்கரைக் கடனில் இழந்தவர்களும் அந்தப் பக்கம் நிறைய. ஆனாலும் உயர்மலையின் புதிய மேல்தட்டு அந்த வரிசையிலிருந்துதான் வந்தது.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது, சித்தூர் மட்டும் கொச்சியோடு. மலம்புழை அணையைக் கட்டியது சென்னை அரசு. 1955 அக்டோபரில் காமராசர் திறந்து வைத்தார், அடுத்த வருடமே அணை கேரளத்துக்குப் போய்விட்டது. அந்த நெல் பூமியில் ஜன்மிகளும், அக்ரகாரங்களில் இருந்த தமிழ் பேசும் பட்டர்களும் நிலத்தை வைத்திருந்தார்கள், குடியானவர்கள் குத்தகைக்கு உழுதார்கள். நீண்ட குத்தகைதாரர் போராட்டத்தின் பலனாக 1970 ஜனவரி 1 முதல் நிலச் சீர்திருத்தம் அமலானது. குத்தகைதாரர் சொந்தக்காரர் ஆனார். அக்ரகாரங்கள் காலியாகிப் பட்டர் பிள்ளைகள் பம்பாய்க்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். ஆனால் வயலில் இறங்கி நாற்று நட்டவளுக்கு வந்தது குடிசையைச் சுற்றிய 10 சென்ட். நேற்று ஜன்மிக்கு எதிராகக் கொடி பிடித்த குடியானவர், சொந்தக்காரர் ஆன மறு வருடமே கூலி விவகாரத்தில் எதிர்ப்பக்கம் நின்றார். 1974-ல் விவசாயத் தொழிலாளர் சட்டம் கொண்டுவர வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அட்டப்பாடியில் நடந்தது இதைவிடக் கசப்பு. 1951 கணக்கெடுப்பில் அங்கே 10 பேரில் 9 பேர் பழங்குடிகள், இருளர், முதுகர், குறும்பர். 2001-ல் 10-க்கு 4. கிழக்கிலிருந்து கோவைப் பக்கத்துத் தமிழ் விவசாயிகள் போனார்கள், மேற்கிலிருந்து மலையாளிகள் போனார்கள். புகையிலைக்கும் அரிசிக்கும் கடனுக்கும் நிலம் கைமாறியது. பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்க 1975-ல் சட்டம் போட்டார்கள், அதற்கு விதிகள் எழுத 1986 வரை ஆனது. 

இனி மூணாறுக்குத் திரும்பினால், நிலச் சீர்திருத்தம் அங்கே வாசலோடு நின்றது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் பயிரிடும் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. உற்பத்தி குலைந்துவிடும் என்பது வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை, தேயிலைத் தோட்டத்தைக் கால் ஏக்கராகக் கூறுபோட முடியாது. ஆனால் லயத்துக்கு 10 சென்ட் கொடுத்திருக்க முடியாதா? கேட்க ஆள் இல்லை. சங்கங்கள் போனஸ் கேட்டன, கூலி கேட்டன.

சங்கம் சும்மா இருந்தது என்று சொல்லவில்லை. 1957-ல் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. தேவிகுளத்தில் அந்தக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார், வழக்கில் தேர்தல் செல்லாமல் போனது, 1958 இடைத்தேர்தலில் மறுபடி நின்றார். தமிழ்த் தொழிலாளர் ஓட்டுதான் முடிவு செய்யும் என்பதால், பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறி ஊர் ஊராகப் பாடினார். இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார். அதே வருடம் அக்டோபரில் மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டது, இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆட்சியில் இருந்தது அவர்கள் பாடி ஜெயிக்கவைத்த கட்சி. வெளிநாட்டுத் தோட்டங்களை நாட்டுடைமை ஆக்கக் கேட்போம் என்று அந்தக் கட்சி தேர்தலில் சொல்லியிருந்தது, அதுவும் நடக்கவில்லை.

துரைகள் போனார்கள், தோட்டம் போகவில்லை. 1971-ல் அச்சுத மேனன் ஆட்சி கண்ணன் தேவன் மலைகளைச் சட்டம் போட்டு எடுத்தது. பயிர் செய்த நிலமும் அதற்குத் தேவையான நிலமும் என்று 57,000 ஏக்கருக்கு மேல் கம்பெனிக்கே திரும்பிப் போனது. 1964-லேயே டாடா ஃபின்லேயோடு கை கோத்திருந்தது. அந்நியச் செலாவணிச் சட்டம் 1973-ல் இறுகியதும் வெள்ளைக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்பின. 1976-ல் டாடா-ஃபின்லே, 1983-ல் டாடா டீ. துரை பங்களாவில் இந்திய மேனேஜர் குடிவந்தார், பிரட்டு அதே நேரத்துக்கு நடந்தது. 2005-ல் டாடா நடத்துவதிலிருந்து விலகி, தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் புதிய கம்பெனி வந்தது. காகிதத்தில் கொழுந்து பறிப்பவளும் முதலாளி.

2015 செப்டம்பரில் அந்த முதலாளிகள்தான் ரோட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். நாள் கூலி 232 ரூபாய். 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைந்தது. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மூணாறை நிறுத்தினார்கள். கம்பெனியைத் திட்டியதற்குக் குறையாமல் சங்கத் தலைவர்களைத் திட்டினார்கள். வந்த தலைவர்களைத் துரத்தினார்கள். தலைவருக்கு வீடு இருக்கிறது, அவர் பிள்ளை படிக்கிறது, நமக்கு லயம்தான் என்று கணக்குச் சொன்னார்கள். அறுபது வருடச் சங்க அரசியல் ஒரு மேல்தட்டை உண்டாக்கியிருந்தது, அது சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தது என்பதைப் பொருளாதார நிபுணர் யாரும் சொல்வதற்கு முன் அந்தப் பெண்கள் சொன்னார்கள். போனஸ் பழைய அளவுக்குத் திரும்பியது, அக்டோபரில் கூலி 301 ஆனது. நிலம் அப்போதும் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார் பள்ளத்தாக்கில் அரசு 5 சென்ட் வீதம் கொடுத்தது.

கடைசியாக இந்த ஊர் விஷயம். எல்லைக்கோடு விழுந்த பிறகு ஏலமலையில் நம் ஊர்க்காரர்களின் தோட்டங்கள் பல கைமாறின, ஆனால் சந்தை முழுதாகக் கைமாறவில்லை. 1966-ல் ஏலக்காய் வாரியம் வந்தது. இன்றைக்கும் மின் ஏலம் மலையில் புற்றடியிலும் நடக்கிறது, போடியிலும் நடக்கிறது. விலை பேசும் மேசையில் போடிக்காரருக்கு இடம் இருக்கிறது. காய் பறிக்க விடியுமுன் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறவர்களும் தேவாரம், கோம்பை, கம்பம், போடிப் பெண்கள்தான். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பதற்றத்தில் அந்த ஜீப்புகள் நின்றபோது, மலையில் காய் பறிக்க ஆள் இல்லை, கீழே வீட்டில் அடுப்பு எரியவில்லை. இவர்கள் லயத்தில் இல்லை, ஆகையால் தோட்டச் சட்டத்தின் வீடு, கொட்டகை இவர்களுக்குப் பெயரளவில்தான். ஓட்டு ஒரு மாநிலத்தில், உழைப்பு இன்னொரு மாநிலத்தில். 1954-ல் இவர்களைப் பற்றி எந்தக் கட்சியும் தீர்மானம் போடவில்லை, இப்போதும் போடவில்லை.

இந்த அரங்கின் முன்வரிசையில் தோட்டம் வைத்திருப்பவர்களும் ஏலக்காய் வியாபாரிகளும் இருக்கிறீர்கள். தேவிகுளம் போனதற்கு வருத்தப்படும் கூட்டங்களுக்கு நன்கொடை கொடுப்பவர்களும் நீங்கள்தான் என்று கேள்விப்படுகிறேன். அந்த ஜீப்புக்கு ஒருநாள் வாடகை யார் கணக்கில் எழுதப்படுகிறது, விபத்தானால் யார் பொறுப்பு, மலையில் பறித்த நாளுக்கான சேமநிதி எந்தப் பெயரில் கட்டப்படுகிறது என்பதை இன்று கேள்வி நேரத்தில் நீங்கள் சொன்னால், நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.